பூட்டில்லாக் கதவு

சோலைமுத்துவுக்குக் கடவுள் கொடுத்தது தொண்டை ஒன்றுதான். நிலம் கொடுக்கவில்லை, படிப்புக் கொடுக்கவில்லை, ஆள் பார்க்கவும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் திண்டுக்கல் காய்கறி மண்டியில் விடிந்தும் விடியாமலும் அவன் கத்தரிக்காய்க் கூடைக்கு ஏலம் கூற ஆரம்பித்தால், தெருக்கோடியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் வியாபாரி கிளாசை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். ஏலத்துக்கு நடுவே கொண்டுவந்தவனையும் கேலி பண்ணுவான், வாங்க வந்தவனையும் கேலி பண்ணுவான். ஒட்டன்சத்திரத்துத் தக்காளியின் கன்னத்தையும் அதை வாங்க வந்த செட்டியாரின் கன்னத்தையும் ஒப்பிட்டுப் பேசுவான். கேலிக்கு ஆளானவனே முதலில் சிரிப்பான். கேலி யாரையும் கொல்லாது என்பது அவன் பிழைப்பில் கற்ற பாடம். அந்தப் பாடத்தை நம்பித்தான் அவன் கெட்டான், தன்னை அண்டியிருந்தவனையும் கெடுத்தான்.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் ஷாப் வைத்திருந்த சௌகத் அலி பாய், ஊரில் நியூ ஸ்டார் என்று ஒரு பந்தாட்டக் குழுவைத் தன் கைக்காசில் நடத்தி வந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம் பச்சைத் தோல் வாங்கக் கல்கத்தா போய்விட்டு வந்தவர், தோலைப் பற்றிப் பேசியதைவிட அங்கே பார்த்த பந்தாட்டக் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். சனங்கள் ஒரே குரலில் பாடுகிறார்களாம். ஆடுகிறவன் காலில் அந்தப் பாட்டு ஏறிக்கொள்கிறதாம். நம் ஊரிலும் கூட்டம் வருகிறதே, என்ன பிரயோசனம் என்று அலுத்துக்கொண்டார். திண்டுக்கல் கூட்டம் கோர்ட்டில் தீர்ப்புக் கேட்க வந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். வறுத்த கடலையைத் தின்னும். ரெப்ரி தப்பாக விசில் ஊதினால் மட்டும் எழுந்து நின்று, அவருடைய அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டத்தைப் பாட வைக்க ஒரு தொண்டை வேண்டும் என்று பாய் தேடியபோது ஊரே கையைக் காட்டியது சோலைமுத்துவைத்தான். அவன் உடனே ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. நியூ ஸ்டாரின் கோல்கீப்பர் பொன்னழகு அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சியின் உடன்பிறந்த தம்பி.

வடமதுரைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் அப்பனையும் ஆத்தாளையும் ஒரே காலராவில் பறிகொடுத்தவர்கள் அக்காளும் தம்பியும். முத்துப்பேச்சி கழுத்தை நீட்டும்போதே தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். மாமனார் வீட்டுச் சீராக எனக்கு வந்தது இந்த ஒருத்தன்தான் என்று சோலைமுத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பையன் பனைமரம் மாதிரி வளர்ந்தான். மண்டியில் வண்டி மேலிருந்து வீசும் பூசணிக்காயைக் கீழே நின்று பிடித்துப் பிடித்து அடுக்குவது அவன் வேலை. அந்தக் கைதான் அவனைக் கோல் போஸ்டுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. பேச்சு மட்டும் வராது. வாயில்லாப் பூச்சி. மாமன் கேலி பண்ணினால் காது மடல் சிவக்கத் தலையைக் குனிந்துகொள்வான். அப்படி அவன் குனிந்துகொண்ட நாட்களில் ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிடுவான் என்பது அக்காளுக்குத் தெரியும், மாமனுக்குத் தெரியாது. தட்டை எடுத்துக் கழுவுகிறவளுக்குத்தானே அதெல்லாம் தெரியும்.

அந்த வருஷக் கோடையில் நடக்கப்போகும் கோப்பைப் போட்டியைப் பார்க்கக் கோயம்புத்தூர் மில் ஒன்றிலிருந்து ஆள் வருவதாகப் பாய் ஏற்பாடு செய்திருந்தார். அந்த மில்லுக்குச் சொந்தமாகக் குழு உண்டு; கோல்கீப்பர் தேவைப்பட்டது. பையனைப் பிடித்துப்போனால் மில்லில் நிரந்தர வேலை. பூசணிக்காய் தூக்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய கதவு எது திறக்கும்? முத்துப்பேச்சி பழனிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். சோலைமுத்து தன் பங்குக்குக் கூட்டத்தையே மச்சினன் பின்னால் நிறுத்திவிடுவதென்று முடிவு கட்டினான்.

முதலில் ஒன்றும் வாய்க்கவில்லை. சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தான். அவனவன் அவனவன் சுருதியில் இழுத்தான், பாதிப் பேர் கதாநாயகி பாடும் இடம் வந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். பக்திப் பாட்டு என்றால் ஒரு பக்கம் வாய் திறக்கிறது, மறு பக்கம் மூடிக்கொள்கிறது. பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார் ஒருவர் சுத்தத் தமிழில் ஒரு வீரப்பாட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டாவது அடியில் ஒரு வார்த்தை இருந்தது, அதைத் தாண்டிப் போனவன் யாருமில்லை.

வழி காட்டியது முத்துப்பேச்சியின் வாய்தான். சொந்தத்தில் ஒரு கல்யாணம். நலுங்கு வைக்கும்போது பெண் வீட்டார் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவள் மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாடினாள். மாப்பிள்ளையின் மூக்கு, சம்பந்தியம்மாளின் நடை, கொண்டுவந்த சீர்த்தட்டின் கனம், எதையும் விடவில்லை. பந்தல் குலுங்கியது. நலுங்கு ஏசலுக்கு ஒரு முறை இருக்கிறது. ஏசப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து பதில் பாட்டு வரவேண்டும். வந்த பிறகு, பாடினவளே எழுந்து போய் ஏசப்பட்டவருக்குச் சந்தனம் பூசி வெற்றிலை கொடுப்பாள். அத்தோடு அந்தப் பாட்டு செத்துப்போகும். மறுநாள் அதை யாரும் எடுத்துப் பாடமாட்டார்கள்.

மாப்பிள்ளைத் தோழனாக வந்திருந்த முனீர், நியூ ஸ்டாரின் முன்கள ஆட்டக்காரன், அந்த மெட்டைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினான். பேகம்பூரில் மருதாணி வைக்கிற அன்றைக்குத் தன் மாமி குர்ஷித் பேகம் பாடுவதும் இதே மெட்டுத்தான் என்றான். சோலைமுத்துவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கோவிலுக்குப் போகிறவனும் பள்ளிவாசலுக்குப் போகிறவனும் மாதா கோவிலுக்குப் போகிறவனும் பெண் வீட்டுப் பந்தலில் ஏச்சு வாங்காமலா கல்யாணம் கட்டியிருப்பான்? ஊருக்கே தெரிந்த மெட்டு ஒன்று இருக்கிறது, அது இதுதான்.

அடுத்த ஆட்டத்தில் திருச்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தடுப்பாட்டக்காரர், கொஞ்சம் தொந்தி போட்டவர். சோலைமுத்து கிழக்கு ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்று மண்டித் தொண்டையைத் திறந்தான்.

திருச்சி ரயில் ஏறிவந்த அண்ணாச்சி – உங்க
தொந்திக்கொரு டிக்கெட் தனியா வாங்கியாச்சா?

முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை பத்துப் பேர் கூடப் பாடினார்கள். ஆப் டைமுக்குள் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த தென்னந்தட்டி அதிர்ந்தது. தோல் ஷாப் ஆட்களும் பூட்டுப் பட்டறை ஆட்களும் புகையிலைக் கிட்டங்கி ஆட்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே மூச்சில் பாடினார்கள். கடலை விற்றவனுக்கு வியாபாரமே ஓடவில்லை, ஒருத்தன் வாயும் காலியாக இல்லை. சௌகத் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நியூ ஸ்டார் ஜெயித்தது. அன்றைக்குச் சோலைமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு மணிக்கூண்டு வரைக்கும் போனார்கள்.

வீட்டில் வந்து அவன் எல்லாவற்றையும் ஆடிக் காட்டினான். முத்துப்பேச்சி மடியில் கைக்குழந்தை சின்னக்கண்ணுவைப் போட்டுக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு, அந்தத் திருச்சிக்காரர் பக்கம் பதில் பாடினது யார் என்று கேட்டாள். பந்தாட்டத்தில் பதிலைக் காலால் சொல்ல வேண்டியதுதான் என்றான் அவன்.

"பதிலுக்கு ஆளில்லாமப் பாடக்கூடாதுங்க" என்றாள் அவள். "அந்த மனுசன் சந்தனம் வாங்காமல்ல ரயிலேறிப் போயிருக்காரு."

அவன் காதில் மணிக்கூண்டு வரைக்கும் கூட வந்த ஆரவாரம்தான் இருந்தது. பொன்னழகு மூலையில் உட்கார்ந்து குழந்தையின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

கோப்பைப் போட்டி தொடங்கியபோது ஊரே மைதானத்தில் இருந்தது. வந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஏசல் கிடைத்தது. நியூ ஸ்டார் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு புகழ்ப்பாட்டு. முனீர் பந்தை எடுத்தால் ஒரு பாட்டு, பொன்னழகு பந்தைப் பிடித்தால் ஒரு பாட்டு. தன் பெயரை அத்தனை பேர் பாடக் கேட்டுப் பையன் நிமிர்ந்து நின்றதைச் சோலைமுத்து பார்த்தான். அது நிஜம். நாலு ஆட்டத்தில் பொன்னழகு ஒரு கோல் விடவில்லை. நம் தொண்டையால் நம் வீட்டுப் பையன் வளர்கிறான் என்று மாமனுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. இந்தப் பூரிப்பில் தப்பொன்றுமில்லை. ஆனால் கூட்டம் தன் கைக்குள் இருக்கிறது என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் சனியன் உட்கார்ந்திருந்தது.

இறுதி ஆட்டம் மதுரைக்காரர்களோடு. கோயம்புத்தூர் மில்காரர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சௌகத் பாய்க்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் முனீர் ஒரு கோல் போட்டான். பொன்னழகு வலப்பக்கம் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது அந்த மனிதர் பாயின் காதில் ஏதோ சொன்னார். பாய் சோலைமுத்துவைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டினார். காரியம் பழம் என்று அர்த்தம்.

ஆப் டைம் முடிந்து கொஞ்ச நேரத்தில் நடந்தது. மதுரைக்காரன் ஒருத்தன் எங்கிருந்தோ ஒப்புக்கு உதைத்த பந்து, மூன்று தடவை தரையில் குதித்து, ஆடிக்கொண்டே வந்தது. குழந்தை பிடிக்கும் பந்து. பொன்னழகு குனிந்தான். கைக்கு நடுவிலும் காலுக்கு நடுவிலும் நுழைந்து பந்து உள்ளே போய்விட்டது. ஏன் போயிற்று என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

 ஒரு மூலையிலிருந்து எவனோ, கோல்கீப்பர் மதுரைக்காரனிடம் காசு வாங்கிவிட்டான் என்றான். இன்னொருவன் அதையே உரக்கச் சொன்னான். கல் ஒன்று வந்து கோல் போஸ்டில் பட்டது. சோலைமுத்து நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மில்காரர் காதில் இது விழக்கூடாது. கோபத்தைச் சிரிப்பாக மாற்றத் தெரிந்தவன் அவன். தினமும் மண்டியில் செய்கிற வேலைதானே. அவன் மாமன், இவன் மச்சினன். மாமன் மச்சினனைக் கேலி பண்ண யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்? பெஞ்சின் மேல் ஏறினான். வாயில் அப்போதைக்கு வந்ததை நலுங்கு மெட்டில் எடுத்துவிட்டான்.

ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்யும் திண்டுக்கல்லு – எங்க
மாப்ளை வீட்டுக் கதவுக்கொரு பூட்டு இல்ல
தட்ட வேணாம் கூப்பிட வேணாம் உள்ளே வாங்க – அவர்
தாம்பாளத்தில் பந்து வச்சுத் தருவாருங்க

கூட்டம் குபீரென்று சிரித்தது. கல் எடுத்தவன் கீழே போட்டுவிட்டான். பொன்னழகுகூடத் திரும்பி மாமனைப் பார்த்து, எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தான். சோலைமுத்து நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

அந்தப் பாட்டு அத்தோடு நிற்கவில்லை. அது அவன் கட்டிய பாட்டுகளிலேயே நல்ல பாட்டு. பூட்டு ஊர்க்காரனுக்குப் பூட்டை வைத்துக் கட்டிய பாட்டு, நாக்கில் ஒட்டிக்கொண்டது. மதுரைக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினார்கள், கூட்டம் தானாகவே ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்யும் என்று ஆரம்பித்தது. சோலைமுத்து கையை வீசி நிறுத்தச் சொன்னான். இன்னும் பலமாகப் பாடச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் முனீரின் பாட்டை எடுத்துவிட்டான், யாரும் பின்பாட்டுப் பாடவில்லை. மச்சினனின் பழைய புகழ்ப்பாட்டை எடுத்துவிட்டான், அதற்கும் சிரித்தார்கள். நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டை என்றார்களே, அது பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பேரும் ஒரே சுருதியில், ஒருத்தனும் பிசகாமல், அவன் கற்றுக்கொடுத்தபடியே பாடினார்கள். முன்பெல்லாம் இந்தக் கூட்டம் தலைக்கொரு வசவாகத் திட்டும். கலந்து, கரைந்து, எவன் என்ன சொன்னான் என்று தெரியாமல் போகும். இப்போது ஒரே வசவு, எழுத்துச் சுத்தமாக.

இரண்டாவது கோல் விழுந்தது. பொன்னழகின் கை நடுங்குவது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. மூன்றாவது கோலின்போது அவன் குதிக்கவேயில்லை. பந்து வருவதைப் பார்க்காமல் மாமன் நிற்கும் பக்கமாகத் திரும்பி நின்றான். கோபமாகப் பார்க்கவில்லை. போதும் என்று கேட்கிற மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையைச் சோலைமுத்து சாகும்வரை மறக்கப்போவதில்லை.

மில்காரர் ஆட்டம் முடியும் முன்னாலேயே எழுந்துவிட்டார். கை நல்ல கைதான், ஆனால் சொந்த ஊரே சிரிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நான் எங்கே நிறுத்துவது என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

பொன்னழகு வீட்டுக்கு வந்து முகம் கழுவினான். அக்காள் போட்ட சோற்றை முழுசாகச் சாப்பிட்டான். முத்துப்பேச்சிக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. சோலைமுத்துவோ, விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும், ஏசல் பாட்டு மறுநாள் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தான்.

மறுநாள் மண்டியில் பூசணிக்காய் வண்டி வந்தது. மேலே நின்றவன் காயை வீசும்போதே, தட்ட வேணாம் கூப்பிட வேணாம் என்று பாடிக்கொண்டே வீசினான். பொன்னழகின் கையிலிருந்து காய் நழுவிக் கல்தரையில் விழுந்து சிதறியது. மண்டியே கைகொட்டிச் சிரித்தது. அதற்குப் பிறகு அவன் எதையும் பிடிக்கவில்லை. பூட்டுப் பட்டறைகளில் சுத்தியல் தாளத்துக்கு அந்தப் பாட்டுப் பொருந்திப் போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடின. டவுன் பஸ் கண்டக்டர் அவன் ஏறினால் உள்ளே வாங்க என்று இழுத்துப் பாடி டிக்கெட் கிழித்தார். ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தோடு பாடியதாகச் சொல்ல முடியாது. எல்லோரும் அன்பாகத்தான் பாடினார்கள். அவனுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே மறந்துபோய், பூட்டில்லாக் கதவு என்றே கூப்பிட்டார்கள்.

சோலைமுத்து பாயின் காலில் விழாத குறையாகப் போய் நின்றான். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று தமுக்கடித்துச் சொல்லச் சொன்னான்.

"நானும் அதத்தான் யோசிச்சுப் பாக்குறேன் சோலை" என்றார் பாய். "பாடாத ஜனத்தப் பாட வைக்க வழி கேட்டா, உன்னையக் கை காட்டுனாக. பாடுற ஜனத்த நிப்பாட்ட யாரக் கை காட்டுவாக?"

ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் அவன் போய் நின்றான். பெஞ்சின் மேல் ஏறிக் கும்பிட்டான். அது என் வீட்டுப் பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று கேட்டான். பொன்னழகு அன்றைக்கு ஆடவில்லை, மைதானத்துக்கே வரவில்லை. இருந்தும் கூட்டம் சோலைமுத்துவின் கும்பிடுக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுப் பாடியது. எங்க மாப்ளை என்ற இடம் வந்ததும் எல்லோரும் அவனையே கை காட்டினார்கள். அது ஒரு புது வேடிக்கையாகச் சேர்ந்துகொண்டது. இறங்கி வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதான்.

முத்துப்பேச்சி அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். கல்யாண வீடுகளில் நலுங்குக்குக் கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். திட்டித் தொலைத்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பொன்னழகு பழனிக்குப் போனான். ஒரு சத்திரத்தில் யாத்திரைக்காரர்களுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றும் வேலை. பழனி என்ன, சீமையிலா இருக்கிறது? தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கூட்டம் அவனை அடையாளம் கண்டுகொண்டு, முருகன் சன்னிதித் தெருவில் வைத்தே பாடியது. அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் மலையாள நாட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டான். அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் வாயிலாக இருக்கிறான் என்ற சேதி மட்டும் வரும்.

சின்னக்கண்ணுவுக்கு ஐந்து வயது நடந்தது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் என் பிள்ளைக்குக் காது குத்தமாட்டேன் என்று முத்துப்பேச்சி பிடிவாதமாக இருந்துவிட்டாள். அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் நாள் குறித்து, தோட்டத்துக்கு ஆள் அனுப்பினாள். திண்டுக்கல்லில் வேண்டாம், ஊரில் குலசாமி கோவிலில் வைத்துக்கொள்வோம், சொந்தக்காரர்கள் மட்டும் போதும் என்று சொல்லியனுப்பினாள். எதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று சோலைமுத்துவுக்குத் தெரியும்.

பொன்னழகு வந்தான். கன்னம் ஒட்டிப்போய், பாதி முடி நரைத்து, முப்பது தொடாதவன் ஐம்பது வயதுக்காரனாக வந்து நின்றான். கம்மல், பாவாடை, பழத்தட்டு என்று தாய்மாமன் சீரில் ஒரு குறை வைக்கவில்லை. அக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மாமனிடம், சௌக்கியமா மாமா என்று கேட்டான். சோலைமுத்து தலையை ஆட்டினான்.

வேப்ப மரத்தடியில் பலகை போட்டுப் பொன்னழகை உட்கார வைத்து, அவன் மடியில் பிள்ளையை வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, அவள் அந்தப் புது மாமனை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தாள். பிடித்துப் போயிற்று. அவன் மீசையை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். அவன் முகத்திலும், எத்தனையோ நாளைக்குப் பிறகு, வெளிச்சம் மாதிரி ஒன்று வந்தது. பிள்ளையின் தலையை இரண்டு உள்ளங்கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ஆசாரி. பெரிய கை அது. தலை அந்தக் கைக்குள் பூப்போல அடங்கியது.

ஊசியைக் கண்டதும் பிள்ளை திமிறியது. ஆசாரி பழகின மனிதர், பாப்பாவுக்கு என்ன பாட்டுத் தெரியும், தாத்தாவுக்கு ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம் என்றார்.

சோலைமுத்துவுக்கு அது உறைக்கும் முன்னாலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள். தெருவில் பந்து தட்டி விளையாடும்போது அவள் தினமும் பாடுகிற பாட்டு. எதைப் பற்றிய பாட்டு, யாரைப் பற்றிய பாட்டு என்று அவளுக்கு என்ன தெரியும்? ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்யும் திண்டுக்கல்லு என்று மழலையில், மெட்டுப் பிசகாமல், அம்மாவின் குரல் அப்படியே வாய்த்த குரலில் பாடினாள்.

சபையில் சிரிப்பு ஒன்று கிளம்பித் துண்டுக்குள் அடங்கியது. முத்துப்பேச்சி பிள்ளையின் வாயைப் பொத்த ஓடினாள். ஆசாரி கையால் தடுத்துவிட்டார், ஊசி பாதியில் நிற்கிறதாம், அசையக்கூடாதாம். பொன்னழகு கையை எடுக்க முடியாது. எழுந்து போகவும் முடியாது. ஒரு காது முடிகிற வரைக்கும், பிறகு மறு காது முடிகிற வரைக்கும், பிள்ளையின் தலையைக் கொஞ்சமும் ஆட்டாமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டை முழுசாக மடியிலிருந்து கேட்டான். அவன் கை நடுங்கவேயில்லை. சோலைமுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் முடிந்ததும் சோலைமுத்து சந்தனக் கிண்ணத்தையும் வெற்றிலைத் தட்டையும் எடுத்துக்கொண்டு மச்சினன் முன்னால் போய் உட்கார்ந்தான். சபையில் எல்லோரும் பார்க்கும்படிதான் உட்கார்ந்தான். 

"மாப்ள, என்னைய ஏசு" என்றான். "எம்புட்டு வேணாலும் ஏசு. பதிலுக்கு ஒண்ணு சொல்லிட்டு இதை வாங்கிக்க. அப்பத்தான் அது முடியும்."

பொன்னழகு கன்னத்தை நீட்டிச் சந்தனத்தை வாங்கிக்கொண்டான். வெற்றிலையையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். மாமன் காத்துக்கொண்டிருந்தான். ஏச்சு வரவில்லை.

"எனக்குப் பாட வராது மாமா" என்றான் மெல்ல. பிறகு, பிள்ளை காதில் விழாமல், "அது என்னையப் பத்துன பாட்டுன்னு பிள்ளைக்கு மட்டும் சொல்லிராதீங்க. மாமன்னா ஆசையா இருக்கு அதுக்கு" என்றான்.

சோலைமுத்து பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். பொன்னழகு பந்தியில் உட்காரவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினான். பிள்ளை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது. அடுத்த முறை வரும்போது ஏலக்காய் கொண்டுவருவதாகச் சொல்லி இறக்கிவிட்டான். அடுத்த முறை என்று ஒன்று இல்லை. அந்த மார்கழியில் தோட்டத்துக் காய்ச்சலில் போய்விட்டான். எடுத்துப் புதைத்துப் பல நாள் கழித்துத்தான் சேதி வந்து சேர்ந்தது.

சேதி வந்த அன்று சாயங்காலம் முத்துப்பேச்சி சுவரில் சாய்ந்து கண்ணீர் வற்றி உட்கார்ந்திருந்தாள். சின்னக்கண்ணு விவரம் தெரியாமல் வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். சோலைமுத்து எழுந்து ஓடிப்போய், அந்தப் பாட்டு வேண்டாம் தாயி, வேற பாட்டுப் பாடு என்றான்.

பிள்ளை பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. "ஏம்ப்பா?" என்று கேட்டது.

சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியவன் செத்துப்போய்விட்டான், அதிலிருந்து விடுவிக்க இனி ஆளில்லை. சோலைமுத்து பிள்ளையின் தலையில் கை வைத்தான். ஒன்றுமில்லை, சும்மாதான் சொன்னேன் என்றான். அப்படியானால் பாடலாம்தானே என்று நினைத்துக்கொண்டு, அவள் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள்.